நேரங்கெட்ட தப்பு

பதுளை
18.08.1957

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கணபதி எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை, ஸலீம் முதலாளி வீட்டுச் சோறு உடம்பில் நன்றாக ஒட்டுகிறது. உன் இருமல் நின்றதா? ரெங்கசாமி மச்சானின் கால்வலி எப்படி? மருமகள் மாரியாயி பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறாளா? போன தடவை மாதிரி எல்லாரும் சுகம் என்று ஒரே வரியில் முடித்துவிடாதே.

விஷயம் என்னவென்றால், நேற்று எங்கள் இரும்புக்கடைக்குக் கொஸ்லந்தைப் பக்கத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் வந்தார். போன மழைக்கு அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீட்டு லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து, சனங்கள் உடுத்த துணியோடு வெளியே நின்றார்களாம். கையில் விளக்கில்லை, அடுப்பு மூட்ட நெருப்பில்லை, பிள்ளைகளுக்கு ரொட்டி சுட ஒரு பிடி மாவில்லை. இங்கே டவுனில் கரண்டு போனாலே நாங்கள் தடுமாறிப் போகிறோம். கேட்டதிலிருந்து எனக்கு உங்கள் லயம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. ஊத்துமலைத் தோட்டத்திலேயே மலைக்கு முதுகைக் கொடுத்து நிற்பது உங்கள் லயம் ஒன்றுதான்.

லொறிக்கார ஸரூக் நானாவிடம் ஒரு அரிக்கேன் லாம்பு கொடுத்தனுப்பியிருக்கிறேன். மண்ணெண்ணெயை இறுக்கமான மூடி போட்ட போத்தலில் வை. தீப்பெட்டியைத் தகர டப்பாவில் போட்டு அரிசிக்குள் புதைத்து வை, நமத்துப் போகாது. மாற்றுத் துணி, கோதுமை மா, கடுதாசிகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கதவோரம் வைக்க வேண்டும். காய்ந்த மிலாறு விறகு கொஞ்சம் பரண்மேல் இருக்கட்டும். பின்பக்கத்துத் தண்ணீர்க் கானில் மண் அடைக்காமல் மச்சானைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

போன தீபாவளிக்கு வந்தபோது உங்கள் காம்பராவின் பின்சுவரில் ஒரு வெடிப்புப் பார்த்தேன். அது பெரிதாகியிருக்கிறதா என்று கட்டாயம் எழுது.

இப்படிக்கு, பதிலுக்குக் காத்திருக்கும் தம்பி,
கணபதி

*

ஊத்துமலைத் தோட்டம், மேக்கணக்கு
நமுனுகுல
05.09.1957

தம்பி கணபதிக்கு அக்கா அங்கம்மா எழுதுறது.

முனியாண்டி காவல்ல மூணு பேரும் கைகால் சுகமா இருக்கோம். இருமல் நின்னுருச்சு. உன் மச்சானுக்கு மலை ஏறயிலதான் கால்வலி, சாராயத் தவறணைக்கு எறங்கயில ஒண்ணும் இல்ல. மாரியாயி பள்ளிக்கூடம் போறா. போற வழியில கொய்யா மரம் இருக்கு, அதனால போறா.

லாம்பு வந்து சேர்ந்துச்சு. லயமே வந்து பாத்துட்டுப் போச்சு. கரண்டு போனா தடுமாறுறோம்னு எழுதியிருக்க. எங்களுக்கு வந்தாத்தானேடா போறதுக்கு? விடிஞ்சா விடியுது, இருட்டினா இருட்டுது, குப்பி லாம்போட எங்க பாடு முடிஞ்சுது.

நீ சொன்னபடி மூட்டை கட்டி வச்சேன். அதைப் பாத்துட்டுப் பக்கத்துக் காம்பரா கருப்பம்மா, என்னாடி புருசனோட சண்டையா, எந்த ஊருக்குப் போறேன்னு கேக்குறா. மாரியாயி அவ பொம்மையையும் கொய்யாக்காயையும் அதுல திணிச்சு வச்சிருக்கா. மாமா வீட்டுக்குப் போறோம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டா. தீப்பெட்டியை அரிசிக்குள்ள வச்சிருக்கேன். மாசக் கடைசியில அரிசி தீர்ந்துரும், அப்ப தீப்பெட்டி மட்டும் இருக்கும்.

வேற ஒண்ணும் விசேஷம் இல்ல. குளிர்ல திரியாத. எண்ணெய் தேச்சுக் குளி.

அக்கா,
அங்கம்மா

*

பதுளை
22.09.1957

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்துச் சிரித்தேன். நீங்கள் மூவரும் சுகமாக இருப்பது மனசுக்கு ஆறுதல். நானும் சுகம், எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வெடிப்பைப் பற்றி மட்டும் நீ ஒரு எழுத்தும் எழுதவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் யோசித்தேன். மண் அசைவதை ஒருவர் கண்டால் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? தேயிலை ஸ்டோரின் சங்கு மலையடிவாரத்துக் கீழ்க்கணக்குக்குத்தான் கேட்கும். உங்கள் காதுக்கு எட்டுவது சடையண்ணன் கொட்டுகிற தப்பு ஒன்றுதான். தினமும் விடியக்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட அடிக்கிறாரே, அதே தப்பு. ஆபத்து என்றால் அவரைச் சாவு அடி அடிக்கச் சொல்லுங்கள். பெரட்டு அடி வேறு, சாவு அடி வேறு, தூக்கத்தில் கேட்டாலும் சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். கங்காணியிடம் மச்சானைப் பேசச் சொல்.

உன் சொல்லுக்குக் காத்திருக்கும்,
கணபதி

*

ஊத்துமலை
14.10.1957

தம்பிக்கு,

எல்லாரும் இருக்கோம். மழை லேசாத் தொடங்கிருச்சு, கம்பளி காயல, மத்தபடி சுகத்துக்குக் கொறைவில்ல.

நல்லா இருக்குடா உன் யோசனை! உசுரோட இருக்கிறவங்களுக்குச் சாவுத் தப்பா? உன் மச்சான் போய்ச் சொன்னதும் சடையன் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டானாம். பொணம் இல்லாம அந்த அடி அடிச்சா அது ஒரு பொணத்தைத் தேடி வரும், என் கையால அது நடக்காதுன்னுட்டான். பொம்பளைங்க எல்லாரும் அவன் பக்கம். நானும்தான். கருப்பம்மா உன்னை ஏசின ஏச்சை எழுத முடியாது, அவ்வளவு நல்ல ஏச்சு.

அப்புறம் நானே ஒரு வழி சொன்னேன். எப்பவும் அடிக்கிற தப்பையே அடிக்கட்டும். ஆனா நேரங்கெட்ட நேரத்துல தப்பு கேட்டா ஆபத்துன்னு அர்த்தம். மத்தியானமோ சாயந்தரமோ நடுச்சாமமோ, தப்பு கேட்டா எல்லாரும் புள்ளை குட்டியத் தூக்கிக்கிட்டுக் கோயில் மேட்டுக்கு ஓடிறணும். கங்காணியும் சரின்னு தலையாட்டினாரு. ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்தரம் சடையன் அடிச்சுப் பாத்தான். நொண்டிக்கிட்டு இருந்த உன் மச்சான்தான் மொதல்ல மேட்டுல நின்னாரு.

மாரியாயிக்கும் பழக்கி வச்சிருக்கேன். தப்பு கேட்டா என்னா செய்வேன்னு கேட்டா, மூட்டைய எடுத்துக்கிட்டு மேட்டுக்கு ஓடுவேங்கிறா. பெரட்டு நேரத்துத் தப்புன்னா? தூங்குவேங்கிறா. வாத்தியாருகிட்ட இந்தச் சுறுசுறுப்பு இல்ல.

வெடிப்பு வெடிப்புன்னு கேக்குற. நீ அனுப்பின லச்சுமி படம் போட்ட கலண்டரை அந்தச் சுவர்லதான் மாட்டியிருக்கேன். பாக்க லட்சணமா இருக்கு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அங்கம்மா

*

பதுளை
03.11.1957

அன்புள்ள அக்கா,

நான் சுகம். உங்கள் சுகத்தைத்தான் இப்போது நம்ப முடியவில்லை. அந்தக் கலண்டர் சின்னது. நான் பார்த்த வெடிப்பை மறைக்க அது போதாது. அப்படியிருந்தும் அங்கே ஏன் மாட்டினாய்? என்னிடம் மறைக்கிறாயா, உன்னிடமே மறைக்கிறாயா?

போன வாரம் இங்கே காற்றுக்குக் கம்பி அறுந்து டவுன் முழுக்கக் கரண்டு போனது. மெழுகுதிரிக்குச் சனம் முட்டி மோதியது. முதலாளி என்னைத் தட்டிக்கொடுத்து, நீ எல்லாத்துக்கும் முன்கூட்டியே ஆயத்தமா இருக்கிற ஆள் என்றார். எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. டவுனில் கரண்டு போனால் திரும்பி வரும்.

அக்கா, மழை முடியும் வரைக்கும் நீங்கள் மூவரும் இங்கே வந்துவிடுங்கள். முடியாதென்றால் மருமகளை மட்டுமாவது அனுப்பு. முதலாளியின் மனைவி ரஹ்மத்தும்மா தன் பிள்ளைகளோடு பிள்ளையாகப் பார்த்துக்கொள்வதாக அவராகவே சொன்னார். உன்னிடம் இதுவரைக்கும் நான் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

கணபதி

*

ஊத்துமலை
28.11.1957

தம்பி கணபதிக்கு அக்கா எழுதுறது.

இருமல் திரும்ப வந்துருச்சு, பெருசா ஒண்ணும் இல்ல. மாரியாயிக்குக் கொஞ்சம் சளி. உன் மச்சான் சுகம்.

நாங்க எப்படிடா வர்றது? ரெண்டு பேரும் ஒண்ணா வேலைக்கு வரலேன்னா தோட்டத்துக் கணக்குலருந்து பேரை வெட்டிருவாங்க. பேரு போனா காம்பரா போச்சு. இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டதுக்கும் இன்னும் பதில் இல்ல. இந்தத் தோட்டத்துலதான் இருக்கோம்னு காட்டணும், இந்த நேரத்துல வெளிய போனா எந்த ஊருக்காரின்னு சொல்றது?

மாரியாயிய அனுப்புறேன். உன்கிட்ட வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. பள்ளிக்கூடம் மூடினதும் நானே கூட்டிக்கிட்டு வர்றேன். பரீச்சை இருக்குன்னு வாத்தியார் சொன்னாரு. எழுதிட்டு வரட்டும், நம்மள மாதிரி அஞ்சாம் வகுப்போட நிக்க வேணாம்.

மலையில இருந்து வர்ற பீலியில தண்ணி ரெண்டு நாளாச் சாயத்தண்ணி மாதிரி வருது. கங்காணிகிட்டச் சொன்னேன். அவரு தொரைகிட்டச் சொல்லி, தொரை குடை பிடிச்சுக்கிட்டு வந்து பாத்துட்டு, கானை ஆழமா வெட்டச் சொல்லிட்டுப் போனாரு. வெட்டினாங்க. கான்ல வெட்டின மண்ணு மறுநாளே திரும்ப உள்ள கெடக்கு.

உன்கிட்ட மறைக்க என்னா இருக்கு. தூக்கத்துல எழும்பி எழும்பிச் சுவரைத் தடவிப் பாக்குறேன். இப்ப என் கை உள்ள போகுது. பயமாத்தான்டா இருக்கு. கூடையும் கொழுந்துமா நாளைக்கும் மலைக்குப் போகணும், அதுக்குள்ள பயத்துக்கு எங்க நேரம்.

புள்ளைக்கு ஒரு பாய் மட்டும் எடுத்து வை.

அங்கம்மா

*

பதுளை
23.12.1957

அக்கா,

நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். வேறொன்றும் எனக்கு எழுத வரவில்லை.

பசறைக்கு அப்பால் பஸ் ஓடவில்லை. தபால் கட்டுகள் அரசாங்கக் கச்சேரிப் பக்கம் குவிந்து கிடக்கின்றன என்கிறார்கள். இந்தக் கடிதம் உனக்கு எப்போது கிடைக்குமோ தெரியாது. பள்ளிக்கூடம் மூடியிருக்குமே. கிளம்பி வழியில் எங்காவது நிற்கிறீர்களா? வருகிற லொறிக்காரர்கள் எல்லாரிடமும் கேட்கிறேன். நமுனுகுலப் பக்கம் மண் விழுந்தது என்று ஒருவர் சொல்கிறார். எந்தத் தோட்டம் என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை.

பாய் எடுத்து வைத்திருக்கிறேன். ரஹ்மத்தும்மா ஒரு கம்பளிச் சட்டையும் பின்னி வைத்திருக்கிறார். நாளைக்கு ஸரூக் நானா போகிற தூரம் வரைக்கும் லொறியில் போய், அங்கிருந்து நடந்து வருகிறேன்.

கணபதி

*

ஊத்துமலை
16.02.1958

தம்பிக்கு,

நீ சுகமாப் போய்ச் சேர்ந்தது ஸரூக் நானா சொல்லித் தெரியும். உன் கைக்காயம் ஆறிருச்சா? இங்க இருந்த நாளெல்லாம் மண்வெட்டியக் கீழ வைக்காம நின்னே. நான் உன்கூட ஒரு வார்த்தை பேசல. கோவம்னு நெனச்சிருப்ப. கோவம் இல்ல. வாயத் தெறந்தா என்னா வரும்னு எனக்கே தெரியல. எழுதினா வரும்போல இருக்கு, அதனால எழுதுறேன்.

பள்ளிக்கூடம் மூடியும் பஸ் ஓடாம நாங்க கெளம்பல, அன்னைக்கு விடிய விடிய மழை. விடியற நேரத்துல தப்பு கேட்டுச்சு. எப்பவும் கேக்குற அதே நேரம்தான்டா. இன்னைக்கு என்னா இவ்வளவு வேகமா அடிக்கிறான்னு உன் மச்சான் கேட்டாரு. தோல் நனையுதுன்னு அவசரப்படுறான்னு நான் சொன்னேன். கம்பளியப் போட்டுக்கிட்டுக் கூடைய எடுத்தேன். வருசக்கணக்கா அந்த நேரத்துல அந்தச் சத்தம் கேட்டா காலு தானா வெளிய போகும்.

மாரியாயி எழும்பி உக்காந்துட்டா. ‘அம்மா, தப்பு’ன்னா.

‘பெரட்டுத் தப்புடி, நீ தூங்கு’ன்னேன்.

போர்வைய இழுத்துப் பொத்திவிட்டேன். குளிர் போகாம கதவையும் இறுக்கிச் சாத்திட்டுப் போனேன்.

எல்லாரும் அப்படித்தான் போனோம். மேல பெரட்டுக்களத்துல சடையன் இன்னும் அடிச்சுக்கிட்டே நிக்கிறான், வெரல்ல ரத்தம். பீலிப் பக்கம் மலை பொளந்திருக்கிறத அவன் கண்டிருக்கான். எங்களைப் பாத்ததும், புள்ளைங்க எங்கன்னு கேட்டான். கையில கூடையோட நாங்க நிக்கிறோம். அப்பத்தான் எங்களுக்கு வெளங்குச்சு. திரும்பி ஓடுறதுக்குள்ள மலை எறங்கிருச்சு. கருப்பம்மாவுக்கு முட்டிவலி, அன்னைக்கு வேலைக்கு வரல. அவ பொணமாக் கெடைச்சா. நீ எங்கெங்கயோ தோண்டியும் என் புள்ளை கெடைக்கல.

எல்லா நேரத்துக்கும் ஏற்பாடு செஞ்சோம், பெரட்டு நேரத்துக்குச் செய்யல. சாவு அடி கேட்டிருந்தா அவளை வாரிக்கிட்டு ஓடியிருப்பேன். நீ சொன்ன, நான்தான் வேணாம்னேன். இதுக்கு நீ ஆறுதல் எழுதாத, எனக்குப் படிக்க முடியாது.

ஸ்டோருக்குப் பின்னால தகரக் கொட்டில்ல இருக்கோம். உன் மச்சான் குடிக்கிறதை விட்டுட்டாரு. உன் ஒடம்பைப் பாத்துக்க.

அங்கம்மா

*

பதுளை
02.03.1958

அக்காவுக்கு,

கை ஆறிவிட்டது. உன் இருமலுக்கு மருந்து அனுப்புகிறேன். மச்சானை இரண்டு வாயாவது சாப்பிட வை.

ஆறுதல் எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை. என்னிடம் அது இல்லவும் இல்லை. நேற்று ஒருவர் வந்து, மழைக்கு நல்ல லாம்பு எது தம்பி என்று கேட்டார். அவரை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் போய் நின்றுவிட்டேன். முதலாளியே வந்து வியாபாரத்தை முடித்தார்.

அவரிடம் பேசிவிட்டேன். கடைக்குப் பின்னால் ஒரு அறை தருகிறார். மச்சானுக்கு மூட்டை தூக்குகிற வேலையும் இருக்கிறது. இனி அந்தத் தோட்டத்தில் உங்களுக்கு என்ன இருக்கிறது? பேரை வெட்டினால் வெட்டட்டும். வந்துவிடு அக்கா. எனக்கும் வேறு யாரும் இல்லை.

கணபதி

*

ஊத்துமலை
20.04.1958

தம்பி கணபதிக்கு அக்கா எழுதுறது.

மருந்து கெடைச்சுது. இருமல் இருக்குதான், அதோட பழகிட்டேன். உன் மச்சான் கஞ்சி குடிக்கிறாரு. நீ ஒழுங்காச் சாப்பிடுறியா?

இங்க இன்னொரு அநியாயம் நடந்துருச்சு. மரண விசாரணைக்கு வந்திருந்த ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், ஊருக்குப் புதுசு. நல்ல மனுசன், என்னை உக்காரவச்சுத்தான் கேட்டாரு. எல்லாரும் ஏன் புள்ளைங்களை விட்டுட்டு வெளிய போனீங்கன்னாரு. ‘சடையன் தப்புனாலதான் போனோம் ஐயா’ன்னேன். தலையாட்டிட்டு இங்கிலீஸ்ல எழுதிக்கிட்டாரு. இப்ப ஆபீஸ்ல வாசிக்கிறாங்க, சடையன் மேலதான் குத்தம்னு அதுல இருக்காம். நான் சொன்ன தப்பு கொட்டுற தப்பு. அவரு வெளங்கிக்கிட்டது வேற தப்பு. ஓடிப்போய்ப் பெரிய கிளாக்கர் கால்ல விழுந்தேன், எங்க ஊர்ல அடிக்கிற மேளத்துக்கு அதுதாங்க பேருன்னு கத்தினேன். கடுதாசி பதுளைக்குப் போயிருச்சு, இனி ஒண்ணும் செய்ய ஏலாதுன்னாரு. சடையன் பேரை வெட்டிட்டாங்க. பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு எங்க போனான்னு யாருக்கும் தெரியல. போகயில எங்க கொட்டில் வாசல்ல கொஞ்ச நேரம் நின்னான். நான் அழுதேன்.

இப்ப பெரட்டுக்கு மணி அடிக்கிறாங்க.

நீ கூப்பிட்டதுக்குப் பதில் எழுதணும். உன் மச்சான் வர்றேன்னா வரட்டும், நான் தடுக்க மாட்டேன். நான் வரல. கோவிச்சுக்காத. விழுந்த மண்ணை மட்டம் பண்ணிட்டாங்க. நல்ல கொழுத்த மண்ணாம், தொரை சொன்னாராம், அதுல தேயிலைக் கன்னு நடுறாங்க. ஆள் பிரிக்கையில கங்காணி என் மூஞ்சியப் பாத்துட்டு, அங்கம்மா நீ கொழுந்துக்குப் போன்னாரு. வேணாங்க, என்னையும் கன்னு நடவே போடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். மத்தவங்க ஒரு வரிசை முடிக்கையில நான் பாதிகூட முடிக்கிறதில்ல. கங்காணி சத்தம் போடுறாரு. போட்டுட்டுப் போகட்டும். எல்லாரும் குழிக்கு அலவாங்குக் கம்பி போடுறாங்க. அவ எந்தப் பக்கம் படுத்திருக்கான்னு எனக்குத் தெரியாது, நான் கையாலதான் தோண்டுறேன்.

நீ சுகமா இரு.

அக்கா,
அங்கம்மா